நார்த்தூள் கட்டிக்கு வரிவிலக்கு உண்டா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் மச்சானும் நானும் கூட்டாகத் தென்னை நார்த்தூள் தொழில் நடத்துகிறோம். தூளைக் கழுவிக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறோம். கம்போஸ்ட்டும் எரிகட்டியும் உள்ளூரில் விற்கிறது. ‘விவசாயக் கழிவுத் தொழிலுக்கு அஞ்சு வருஷம் வரியே இல்லை’ என்று ஆடிட்டர் சொன்னதை நம்பி, வருமான வரிச் சட்டத்தின் 80ஜேஜேஏ பிரிவில் முழு லாபத்துக்கும் விலக்கு கேட்டுவிட்டோம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் லாபம் 40 லட்சம், அதில் கட்டியில் வந்தது 28 லட்சம். ‘கட்டி உரமல்ல, விலக்கை ஏன் மறுக்கக்கூடாது’ என்று இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. இதே தொழில் செய்யும் பக்கத்து மில்லுக்கு ஒன்றும் வரவில்லை. மேடையில் பசுமைத் தொழில் என்கிறார்கள், இங்கே நோட்டீஸ் அனுப்புகிறார்கள். நிர்வாகப் பங்குதாரரான மச்சான் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பில்லில் ‘இயற்கை உரம்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நான் கூட்டிலிருந்து விலகிவிடலாமா?

பதில்: ஆடிட்டர் சொன்னதும், பக்கத்து மில்லுக்கு நோட்டீஸ் வராததும், மேடைப் பேச்சும் உங்கள் பதில் மனுவில் ஒரு வரிகூட வரக்கூடாது. அதிகாரி பார்க்கப்போவது நீங்கள் விற்ற பொருள் சட்டத்தில் பெயர் சொல்லப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டுமே.

80ஜேஜேஏ பயிர்க் கழிவிலிருந்து செய்யும் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கொடுத்த சலுகை அல்ல. மக்கும் கழிவைச் சேகரித்துப் பதப்படுத்தி மின்சாரம், உயிர் உரம், உயிர்ப் பூச்சிக்கொல்லி போன்ற உயிரியல் பொருட்கள், பயோகேஸ், எரிபொருளுக்கான பெல்லட் அல்லது எரிகட்டி, இயற்கை உரம் தயாரிப்பவருக்குத்தான் அது. பாக்கு மட்டைத் தட்டும் வாழைநார்ப் பையும் எவ்வளவு பசுமையானாலும் இதற்குள் வராது. எரிகட்டி பெயரோடு இருக்கிறது. கம்போஸ்ட் வாதாடி வெல்லக்கூடியது. உங்கள் கட்டியோ செடி வளர்க்கும் ஊடகம். உப்பைக் கழுவி ஈசியை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை, குறைத்ததற்குத்தான் வெளிநாட்டுக்காரர் விலை கொடுக்கிறார், உரத்தை அவரே தனியாகக் கலந்துகொள்கிறார். அதை உரம் என்று வாதாட நான் சொல்லமாட்டேன். கட்டியை விட்டுக்கொடுங்கள்.

விட்டால் என்ன போகும் என்று கணக்குப் பாருங்கள். ‘வரியே இல்லை’ என்பது கூட்டு நிறுவனத்துக்கு எப்போதுமே பொய். விலக்கு முழுதாகக் கிடைத்தாலும் 115ஜேசி பிரிவில் மாற்று குறைந்தபட்ச வரி 18.5% உண்டு. தனிநபருக்கு இருக்கும் 20 லட்ச வரம்பு நிறுவனத்துக்குக் கிடையாது. 40 லட்சத்துக்கு 7.4 லட்சமும் 4% செஸ்ஸும் ஏற்கனவே கட்டியிருப்பீர்கள். கட்டியின் 28 லட்சத்துக்கு 30% போட்டால் 8.4 லட்சம். ஆக, இப்போது கூடுதலாகக் கையிலிருந்து போவது 1 லட்சமும் செஸ்ஸும், மாதம் 1% வட்டியும். கம்போஸ்ட்டும் எரிகட்டியும் சேர்ந்து அடிபட்டால் வரி 12 லட்சம், கூடுதல் 4.6 லட்சம். 7.4 லட்சத்துக்கு, பின்வரும் ஆண்டுகளின் வரியில் கழித்துக்கொள்ள 15 ஆண்டு வரை எடுத்துச்செல்லக்கூடிய வரி வரவு வைத்திருந்தீர்களே, கட்டியை விட்டால் அது போய்விடும். உண்மையான இழப்பு அதுதான். இருந்தும் விடச் சொல்லுகிறேன், காரணம் அபராதம்.

270ஏ பிரிவில் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50%, திரித்துக் காட்டினால் 200%. அதிகாரி அதைக் கூடுதலான 1 லட்சத்துக்குப் போடாமல், 28 லட்சத்தின் மீதான 8.4 லட்சத்துக்குப் போட்டால் முதலாவது 4.2 லட்சம், இரண்டாவது 16.8 லட்சம். இன்றைக்கு உங்கள் நிலை சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, எதையும் மறைக்காமல் கேட்ட விலக்கு. நல்லெண்ண விளக்கம் என்று சொல்லி அபராதமே வேண்டாம் என வாதாடக்கூட இடமிருக்கிறது. பில்லில் ‘இயற்கை உரம்’ என்று திருத்திய மறுநிமிடம் அது பொய்ப் பதிவு. என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். ஷிப்பிங் பில்லிலும் ஜிஎஸ்டிஆர்-1லும் இ-வே பில்லிலும் சரக்கின் பெயரும் எச்எஸ்என் என்ற சரக்கு வகை எண்ணும் எப்போதோ ஏறிவிட்டன. நீங்கள் ஃபைலில் மாற்றிவைத்த தாள் அதோடு ஒத்துப்போகாது. 200% அபராதத்தோடு 277ஆம் பிரிவில் குற்ற வழக்குக்கும் அது வழி திறக்கும். அந்தத் தெரிந்தவரை ஆபீஸ் பக்கமே சேர்க்காதீர்கள்.

பதில் மனுவில் கட்டிக்கான விலக்கை எழுத்தில் கைவிடுங்கள், இது சட்ட விளக்கத்தில் வந்த வேறுபாடு மட்டுமே என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆணை வந்ததும் அதில் எந்த அபராதம் தொடங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். திரித்துக் காட்டியது என்று எழுதியிருந்தால், அபராத விலக்கு கேட்கும் படிவம் 68 செல்லாது. அப்படி இல்லையென்றால் வரியையும் வட்டியையும் கட்டி, அபராதத்திலிருந்து விடுபட அந்தப் படிவத்தைப் போடலாம். ஆணை கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதம் வரை அதற்கு நேரம் உண்டு. ஆனால் பணத்தை டிமாண்ட் நோட்டீஸ் கெடுவான 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். இரண்டு கெடுவையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறார்கள். இன்னொன்று, படிவம் 68 ஏற்கப்பட்டால் அந்த ஆணையின் மேல் மேல்முறையீடே கிடையாது. கம்போஸ்ட்டையும் எரிகட்டியையும் அதிகாரி தட்டிவிட்டு, அதற்காக நீங்கள் போராட நினைத்தால் படிவத்தை மறந்துவிட வேண்டும். அதனால் கம்போஸ்ட், எரிகட்டி லாபமான மீதி 12 லட்சத்தின் விலக்கை மதிப்பீட்டு நிலையிலேயே காப்பாற்றுங்கள்.

கம்போஸ்ட்டுக்குச் சான்று வேண்டும். வேளாண் பல்கலைக்கழக முறையில் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 பாட்டில். அந்த பில்கள், குழி அல்லது குவியல் தேதிப் பதிவு, ஆய்வு அறிக்கை மூன்றையும் வையுங்கள். பச்சைத் தூளில் 112:1 ஆக இருக்கும் கார்பன்-நைட்ரஜன் விகிதம் மட்கியபின் 24:1க்கு இறங்குகிறது. வெறும் தூளைக் காயவைத்துச் சாக்கில் கட்டி விற்றிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை இந்த விகிதத்தை 20க்குள் கேட்கிறதே என்று அதிகாரி மடக்கினால், அது உரம் விற்க வைத்த தரம், வருமான வரிச் சட்டம் அதைக் கடன் வாங்கவில்லை என்று சொல்லுங்கள்.

பொருள்வாரியாக லாபத்தைப் பிரிக்கும்போது விற்பனை விகிதத்தில் பிரிக்காதீர்கள். கட்டியின் லாப விகிதம் வேறு, எரிகட்டியுடையது வேறு. மின்சாரத்தை மோட்டார் குதிரைத்திறனும் ஓடிய மணியும் வைத்து, கூலியை ஆள் நாள் வைத்து, தூளை எடைச்சீட்டு வைத்துப் பிரியுங்கள். முந்தைய ஆண்டுகளில் இதே கோரிக்கை இருந்தால், அந்த ஆண்டுக்கு மதிப்பீடு தொடங்காதவரை அதைத் திருத்திப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் கூடுதல் 25%, 24 மாதத்துக்குள் 50%, 36க்குள் 60%, 48க்குள் 70%. நோட்டீஸ் வரும்வரை காத்திருப்பதைவிட இது மலிவு. ஐந்து ஆண்டுக் கணக்கு தொழில் தொடங்கிய ஆண்டிலிருந்து ஓடுகிறது, நஷ்ட ஆண்டும் அதில் ஒன்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகுவதால் ஒன்றும் தீராது. நீங்கள் பங்குதாரராக இருந்த ஆண்டின் வரிக்கும் அபராதத்துக்கும் 188ஏ பிரிவில் தனியாகவும் கூட்டாகவும் நீங்களே பொறுப்பு. ரிட்டர்னிலும் படிவம் 68இலும் கையெழுத்துப் போட வேண்டியவர் நிர்வாகப் பங்குதாரர், அதாவது உங்கள் மச்சான். பதில் மனுவின் கெடுவுக்குள், ஊர்ப் பெரியவர் யாரையாவது வைத்தாவது, அவரிடம் பேசிக் கையெழுத்துக்கு ஒப்புக்கொள்ள வையுங்கள்.