கம்பனி மேல் வழக்குப் போட முடியுமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஸ்காபரோவில் குடியிருந்து, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் மூலம் மார்க்கம் நகரில் உள்ள வெயார்ஹவுஸ் ஒன்றில் பெட்டி அடுக்குகிறீர்கள். சென்ற கிழமை அடுக்கு சரிந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஏஜென்சிக்காரர் "வீட்டில் விழுந்ததாக டொக்டரிடம் சொல்லுங்கள், இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கையில் தருகிறோம்" என்கிறார். உங்கள் அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இந்த நிலையில் கம்பனி மேல் வழக்குப் போடலாமா, எந்தச் சட்டத்தரணியிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழக்குப் போட முடியாது என்பதே பெரும்பாலான வேலைகளுக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் தரும் பதில். ஆனால் அதனால் உங்களுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. 1913இல் இந்த மாகாணத்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவரான சேர் வில்லியம் மெரடித் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1914இல் ஒரு சட்டம் வந்தது: தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குப் பதிலாக, யாருடைய பிழை என்று கேட்காமல், முதலாளிமார் எல்லோரும் கட்டும் பொது நிதியிலிருந்து அவருக்கு நட்டஈடு கிடைக்கும். அந்த நிதியை இன்று நடத்துவதுதான் நம்மவர்கள் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று சொல்லும் சபை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது நீதிமன்றத்தை அல்ல, அந்தச் சபையில் உங்கள் கோரிக்கையைச் சரியாகப் பதிந்து, மறுத்தால் எதிர்த்து நிற்க உதவும் ஒருவரை. நம்மவர் பத்திரிகைகளிலும் மளிகைக் கடைச் சுவர்களிலும் நீங்கள் பார்க்கும் "விபத்தா? அழையுங்கள்" விளம்பரங்களில் பெரும்பாலானவை கார் விபத்துக்கானவை, அந்தச் சட்டத்தரணிகள் திறமையானவர்களாக இருக்கலாம், ஆனால் உங்கள் அலுவல் அவர்களுடையது அல்ல.

விதிவிலக்குகள் உண்டு. வங்கி, காப்புறுதி நிறுவனம், சிகையலங்கார நிலையம் போன்ற சில தொழில்கள் இந்த நிதிக்குள் கட்டாயமாக வருவதில்லை. அங்கே காயப்பட்டவருக்கு வழக்கு வழி திறந்திருக்கலாம். உங்களைக் காயப்படுத்திய இயந்திரத்தை வெளிக் கம்பனி ஒன்று விற்றிருந்தாலோ வாடகைக்கு விட்டிருந்தாலோ, அல்லது வேலை நேரத்தில் தெருவில் தனியார் கார் ஒன்று மோதியிருந்தாலோ, அவர்கள் மேல் வழக்கா அல்லது நட்டஈடா என்று மூன்று மாதத்துக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வரலாம். உங்கள் விடயத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இப்போது ஏஜென்சிக்காரர் கேட்டதற்கு வருகிறேன், ஏனெனில் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. அவருடைய பரிவில் கணக்கு உண்டு: பதியப்படும் காயம் கம்பனியின் காப்புறுதிக் கட்டணத்தை ஏற்றக்கூடும், இரண்டு கிழமைச் சம்பளம் அதைவிட மலிவு. நீங்களோ மூன்றாம் கிழமை கட்டு அவிழ்க்காத கையோடு வீட்டில் இருப்பீர்கள். எலும்பு கோணலாகப் பொருந்தி ஆறு மாதம் கழித்துச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால், "வீட்டில் விழுந்தேன்" என்று நீங்களே சொன்ன வரிதான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. கோரிக்கை பதியாமல் தொழிலாளியைத் தடுப்பதும் தூண்டுவதும் இந்தச் சட்டத்தின் கீழ் முதலாளிக்குத் தடைசெய்யப்பட்ட செயல்; ஆகவே அவர் அனுப்பிய குறுஞ்செய்தி இருந்தால் அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொல்லியிருந்தால், நாளையும் நேரத்தையும் அவர் சொன்ன சொற்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நல்லது. மற்றதைச் சொல்லிவிட்டீர்களானால் இன்றைக்கே திரும்பப் போய், என்ன நடந்தது, ஏன் முதலில் வேறாகச் சொன்னீர்கள் என்பதை விளக்கி, குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். காயம் வேலையில் ஏற்பட்டது என்று தெரிந்தால் வைத்தியர் 8ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பிச் சபைக்கு அனுப்புவார். நீங்கள் நிரப்ப வேண்டியது 6ஆம் இலக்கப் படிவம். முதலாளியுடையது 7ஆம் இலக்கம். உங்கள் படிவத்துக்குக் காலக்கெடு காயப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. முதலாளி, தான் அறிந்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அவர் அனுப்பாவிட்டாலும் உங்கள் படிவம் தனியாகவே செல்லும். ஏஜென்சி வெயார்ஹவுஸைக் காட்டும், வெயார்ஹவுஸ் ஏஜென்சியைக் காட்டும். இந்த இழுபறியில் நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள், சபையின் கணக்கில் ஏஜென்சிதான் உங்கள் முதலாளி. 7ஆம் படிவத்தின் பிரதியை உங்களுக்குத் தருவது அவர்களின் கடமை. அதைக் கேட்டு வாங்கி, இந்தக் கோரிக்கை பற்றி முதலாளிக்குச் சந்தேகம் உண்டா என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். "யாரும் கண்ணால் காணவில்லை", "முன்பே கை நோவு இருந்தது" என்ற வகைச் சொற்கள் அங்கேதான் இருக்கும். அருகில் நின்ற தோழர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இப்போதே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ஏஜென்சி வேலையில் அடுத்த மாதம் அவர்கள் எங்கே இருப்பார்களோ தெரியாது.

உங்கள் பெரிய பயம் அகதி விசாரணை. இந்த நட்டஈடு அரசாங்க உதவிப் பணம் அல்ல, முதலாளிமார் கட்டும் காப்புறுதி. அதைக் கேட்பது உங்கள் அகதிக் கோரிக்கைக்கு எதிரான காரணம் ஆகாது. குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும், சம்பளம் கையில் காசாக வந்தாலும், தொழிலாளி தொழிலாளிதான். வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்யும் நண்பர் யாராவது இதைக் கேட்டால், படிவம் அனுப்பும் முன் சட்ட உதவி நிலையம் ஒன்றில் பேசச் சொல்லுங்கள்; அங்கே பேசுவது வெளியே போகாது.

சரி, யாரிடம் போவது? உங்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை என்பதால், தொழில் அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் உங்களுக்கானது, கட்டணம் இல்லை. அது சபைக்கு உட்பட்டது அல்ல; சபையின் முடிவுகளுக்கு எதிராகவே வாதாடும். காயத்தை அறிவித்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால் அந்தப் பழிவாங்கல் பற்றியும் அவர்களிடம் கேட்கலாம். ரொறன்ரோவில் காயப்பட்ட தொழிலாளருக்கென்றே சட்ட உதவி நிதியில் நடக்கும் நிலையங்கள் இருக்கின்றன: 1969இல் தொடங்கிய இன்ஜர்ட் வேர்க்கர்ஸ் கம்யூனிற்றி லீகல் கிளினிக் ஒன்று, ஐயாவ்கோ மற்றொன்று. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். தெற்காசியருக்கான சட்ட உதவி நிலையமான சால்கோவில் கேட்டால், வீட்டு வாடகை, குடிவரவு என்று இதோடு சேர்ந்து வரும் சிக்கல்களுக்கும் வழிகாட்டுவார்கள். இவை எல்லாவற்றிலும் காத்திருப்பு உண்டு. ஆகவே மறுப்புக் கடிதம் வந்த பின் அல்ல, இந்தக் கிழமையே அழைத்துப் பெயரைப் பதியுங்கள்.

காசு கொடுத்துப் போவதென்றால், சட்டத்தரணியோ பராலீகலோ (சில வகை அலுவல்களுக்கு மட்டும் அனுமதிப்பத்திரம் பெற்றவர்), அவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் ஒன்ராறியோ லோ சொசைற்றியின் இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு டொலரும் கொடுக்க வேண்டாம். குடிவரவுப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் சிலர் இதையும் "செய்து தருவோம்" என்பார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கட்டணம் வாங்கிச் செய்வது சட்டத்துக்கு மாறானது, பிழைத்தால் உங்கள் காலக்கெடுதான் போகும். வெற்றி பெற்றால் இத்தனை வீதம் என்று பேசுபவரிடம், எந்தத் தொகையில் அந்த வீதம் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏனெனில் கார் விபத்தைப் போல் ஒரு பெருந்தொகை இங்கே கைக்கு வராது: கைக்கு வரும் சம்பளத்தில் ஒரு பங்கு இழப்பீடாகத் தரப்படும்; 1998இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பங்கை 90 வீதத்திலிருந்து 85 வீதமாகக் குறைத்தது. சிகிச்சைச் செலவு தனியாக உண்டு. நிரந்தரப் பாதிப்பு மிஞ்சினால் அதற்கென ஒரு தொகையும் உண்டு.

அடுத்து நடக்கப் போவதையும் சொல்லி வைக்கிறேன். கோரிக்கை பதிந்த ஓரிரு நாளில் "இலேசான வேலை தருகிறோம், வாருங்கள்" என்று அழைப்பு வரும். அதை மறுத்துவிட்டு வீட்டில் இருந்தால் நட்டஈடு நிறுத்தப்படலாம், ஏனெனில் வேலைக்குத் திரும்ப ஒத்துழைப்பது உங்களுக்கும் கடமை. அதே நேரம், வைத்தியர் எழுதிய வரம்பை மீறிய வேலையை ஏற்கவும் வேண்டாம். அங்கே என்ன செய்ய வேண்டும், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ தூக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு, வைத்தியரிடம் காட்டி, அவர் பதிலோடு போங்கள். என்னோடு உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த அக்கா ஒருவர் தோள் காயத்தோடு திரும்பி வந்தபோது, சாப்பாட்டு அறையில் மேசை போட்டு லேபிள் எண்ண வைத்தார்கள். மூன்றாம் நாள், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அதே பெல்ட்டுக்கு அனுப்பினார்கள். வைத்தியர் எழுதிய தாளை அவர் பையில் வைத்திருந்தபடியால் மேற்பார்வையாளர் பின்வாங்கினார்.

காயம் நீண்டால் இதைவிடக் கசப்பான ஒன்று வரும். உங்களால் செய்யக்கூடியது என்று சபை ஒரு வேலையைத் தீர்மானித்து, அந்த வேலை உங்களுக்குக் கிடைத்ததோ இல்லையோ, அதன் சம்பளத்தை உங்கள் வருமானமாகக் கணித்து நட்டஈட்டில் கழிக்கும். இல்லாத வேலையின் சம்பளத்தைக் கழிப்பது அநியாயம் என்று காயப்பட்ட தொழிலாளர் அமைப்புகள் வெகுகாலமாகப் போராடி வருகின்றன. நானும் அவர்கள் பக்கம்தான். தனியாக எதிர்த்து நிற்கக் கூடாத கட்டம் இது.

சபையிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசிப் பந்தியை முதலில் படியுங்கள். ஆட்சேபிக்கும் திகதி அங்கேதான் இருக்கும்: வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவுகளுக்கு 30 நாள், மற்றவைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். ஆட்சேபிக்கிறேன் என்ற படிவத்தை அந்தத் திகதிக்குள் அனுப்பினால் உரிமை காப்பாற்றப்படும். காரணங்களையும் சான்றுகளையும் பின்னர் சேர்க்கலாம். அங்கும் தோற்றால் சபைக்கு வெளியே தனியான மேன்முறையீட்டு நியாயசபை இருக்கிறது. சபை உங்களோடு தொலைபேசியில் பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டியது பிறகு நீங்கள் சம்மதித்ததாகக் குறிப்பில் ஏறிவிடும்.

முடிவு வரும்வரை வீட்டு வாடகைக்கு வழியில்லை என்றால், போதிய மணித்தியாலம் வேலை செய்திருந்தால் வேலையிழப்புக் காப்புறுதியின் நோய்க்கால உதவிக்கு விண்ணப்பிக்கலாம்; அது 26 கிழமை வரை கிடைக்கும், பின்னர் நட்டஈடு வந்தால் சரிக்கட்டப்படும். நிலையத்துக்குப் போகும்போது சம்பளத் துண்டுகள், ஏஜென்சியோடு கைச்சாத்திட்ட தாள், வைத்தியசாலைத் தாள்கள், அந்தக் கொப்பி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஏஜென்சி நீட்டும் எந்தத் தாளிலும் அதற்கு முன் கையெழுத்து வைக்க வேண்டாம்.