எம்பி3-ஐ 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் பழைய குரல் திரும்புமா?

கேள்வி: அப்பா பாடியதைக் கேசட்டில் பதிந்திருந்தோம். பிற்பாடு அதை 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக்கினோம். அப்பா இப்போது இல்லை. கேட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கிறது. ஒலிப்பதிவு தெரிந்த ஒருவர், இதை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்கு உயர்த்தி அசல் குரலை மீட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அப்பா 200 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 200 அதிர்வில், ஒரு சுரத்தை நீட்டிப் பாடுகிறார் என்று வையுங்கள். வருவது 200 மட்டுமல்ல. 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். தொண்டை, வாய், மூக்கு இவற்றின் அமைப்பைப் பொறுத்து அவற்றில் சில ஓங்கும், சில அடங்கும். அதே சுரத்தைச் சித்தப்பா பாடினாலும் அடிப்படை அதே 200தான். எது ஓங்குகிறது, எது அடங்குகிறது என்பதுதான் வேறு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் யார் பாடுகிறார் என்று தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

பலமான ஒரு ஒலியை ஒட்டி வரும் மெல்லிய ஒலி நம் காதில் விழாது. எம்பி3 இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. விழாது என்று கணக்குப் போட்டதையெல்லாம் கரடுமுரடாகப் பதியும், அல்லது விட்டுவிடும். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் இருக்கும். உங்களிடம் இருப்பது 128. அந்த அளவில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் வெட்டியே விடுவார்கள். மேல் மடங்குகளின் நுணுக்கமும், ‘ஸ’ சொல்லும்போது வரும் காற்றொலியும்தான் முதலில் அடிபடும். போனது போனதுதான். கோப்புக்குள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை.

அப்படியானால் 192 என்ன செய்யும்? அலையை நொடிக்கு 1,92,000 தடவை அளந்து எழுதும். அதில் 96,000 ஹெர்ட்ஸ் வரை அடங்கும். நம் காது கேட்பது அதிகபட்சம் 20,000. வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடியின் 44,100 அளவைகளே அதற்குப் போதும். உங்கள் எம்பி3-ஐ 24 பிட், 192-க்கு மாற்றினால் கோப்பு 72 மடங்கு பெருக்கும். குரலில் ஒரு இழைகூட அதிகமாகாது.

மாற்றித் தருபவர்கள் பலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, டிரெபிளை ஏற்றிவிடுவார்கள். சத்தம் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ஏஐ வைத்து மீட்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மென்பொருள் ஊரார் குரல்களில் கற்றுக்கொண்டதை வைத்து, இல்லாத மடங்குகளை ஊகித்து நிரப்பும். கேட்கப் பளிச்சென்றுதான் இருக்கும். அந்தப் பளிச்சு உங்கள் அப்பாவுடையது அல்ல.

சந்தேகமா? ஆடாசிட்டி இலவச மென்பொருள்தான். கோப்பை அதில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். 16,000-இல் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடும், அதற்கு மேல் வெறும் இருட்டும் தெரிந்தால் மேலே என்ன எண் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சரக்கு. கருவிகளின் மேல் 192, 24 என்று பெரிதாக அச்சடிக்கிறார்கள். உள்ளே போகும் ஒலி எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்த லட்சணத்தில் ‘ஹை-ரெஸ்’ (உயர்தர ஒலி) என்ற முத்திரை வேறு!

சரி, ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்தக் கேசட்டைத் தேடுங்கள். நீங்கள் சொல்லும் மந்தம் எம்பி3-ஆல் மட்டும் வந்திருக்காது. அன்று கேசட்டை ஓட்டிய இயந்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பதிந்தபோது ஹெட் (நாடா உரசிப் போகும் பகுதி) எந்தக் கோணத்தில் இருந்ததோ, ஓட்டும்போதும் அதே கோணத்தில் இருக்க வேண்டும். துளி சாய்ந்தாலும் மேல் அதிர்வெண்கள் மங்கிவிடும், கேட்பது போர்வைக்குள் பாடிய குரல்தான். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கும். ஒலியை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்து) வைத்து, காற்றொலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடம் வரை அதை மெல்லத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்குச் சரியானது மறுபக்கத்துக்குச் சரியாக இல்லாமலும் போகலாம்.

அப்புறம் வேகம். நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 3 சதவீதம் கூடினாலே சுருதி அரை ஸ்வரஸ்தானம் அளவுக்கு ஏறும், குரலின் சாயலும் சேர்ந்து மாறும். வீட்டில் சுருதிப் பெட்டியோ ஆர்மோனியமோ வைத்துப் பாடியிருந்தால், அதே பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணினிக்குள் ஏற்றும்போது உச்சங்கள் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். பூஜ்யம்தான் கோப்பில் அடங்கும் உச்ச அளவு; அதில் முட்டினால் அலையின் தலை தட்டையாகி, அப்பா பாடாத மடங்குகள் புதிதாக முளைக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். எம்பி3 போல எதையும் விட்டுவிடாத வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாகச் சேமியுங்கள்.

கேசட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், கூடவே உட்காருங்கள். ஓட்டுவதற்கு முன், அதன் முதுகில் இரு மூலைகளிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்து எடுத்துவிடுங்கள். அதன் பிறகு யாராவது தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் இறங்காது.