முத்திரைத்தாளில் வந்த குழந்தை

கேள்வி: திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லை. 2019-ல் தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் மூலம், திருமணமாகாத பெண் ஒருவர் பெற்ற பெண் குழந்தையை வாங்கி வளர்க்கிறோம். 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கினோம். மருத்துவச் செலவுக்கு என்று செவிலியர் பணம் பெற்றுக்கொண்டார். இப்போது மேலும் 2 லட்சம் கேட்டு மிரட்டுகிறார். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத பெற்றவள், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று போன் செய்கிறாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எங்கள் பெயரிலேயே எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்கவே கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தையை எவ்வளவு பாசமாக வளர்த்தீர்கள், பெற்றவள் எப்படிப்பட்டவள் என்பதற்காக உங்கள் கடிதத்தில் நான்கு பக்கம் செலவழித்திருக்கிறீர்கள். அவை எதுவும் இப்போது உதவாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: குழந்தையை உங்கள் கையில் கொடுத்தது தாயா, செவிலியரா?

தாய் தன் கையால் கொடுத்திருந்தால் 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்த வாய்ப்பு உண்டு. இரு தரப்பும் இந்துக்களாக இருக்க வேண்டும், தந்தையாகிறவர் குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி நடந்த தத்துக்கு 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் தத்து நடைமுறை பொருந்தாது. செவிலியர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார் என்றால் அது தத்தே இல்லை. அப்போது 2015 சட்டம்தான் பொருந்தும்: நடைமுறையை மீறித் தத்தெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, குழந்தை விற்பனை என்று வந்தால் 5 ஆண்டு வரை. அதில் மருத்துவமனை ஊழியர் சம்பந்தப்பட்டிருந்தால் அவருக்கு 7 ஆண்டு வரை. செவிலியருக்கும் இது தெரியும், அதனால் மிரட்டலோடு நிற்பார் என்று நினைக்காதீர்கள். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பற்றிய ஒரு தொலைபேசி உரையாடல் வெளியே கசிந்த பிறகு, விசாரணை குழந்தைகளை வாங்கியவர்கள் வீடு வரை போனது. நோட்டரி பத்திரம் தத்துப் பத்திரம் ஆகாது. அரசுத் தரப்புக்குத்தான் அது பயன்படும்.

இனி சான்றிதழ். என்னிடம் வரும் தம்பதிகள் அதிகம் சிக்குவது இதில்தான். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய, கர்ப்ப காலத்தில் தாய்க்குக் கொடுத்த பிக்மி எண் வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பின்னால் வேறொரு பெண்ணின் எண் இருக்கிறது. உங்கள் மனைவி பெற்றதாகப் பதிந்தால், ஒரே குழந்தைக்கு இரண்டு தாய், இரண்டு பதிவு. பொதுப் பதிவேட்டில் போலி செய்தால் 7 ஆண்டு வரை சிறை. அதுவரை ‘அறியாமல் செய்தோம், குழந்தையை நன்றாக வளர்த்தோம்’ என்று நீதிமன்றத்தில் நிற்க முடியும். போலிச் சான்றிதழுக்குப் பிறகு அந்த வாதம் போய்விடும். பாஸ்போர்ட் எடுக்கும்போதோ, சொத்துத் தகராறில் உங்கள் அண்ணன் தம்பி கிளறும்போதோ வெளியே வரும். பெரும்பாலும் உறவினர்தான் கிளறுவார்கள்.

செவிலியருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் விலை பேசியதற்கு நீங்களே சாட்சி. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கோபத்தில் காவல் நிலையத்துக்கும் ஓடாதீர்கள். உங்கள் புகாரின் முதல் பத்தியே உங்கள் ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். முதலில் குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பெற்றவள் விஷயத்தில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. அவரோடு சமாதானமாகப் போங்கள். குழந்தையைப் பார்க்க விடுங்கள். நான் கொடுத்தேன், என் விருப்பத்தில் கொடுத்தேன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அன்று அவர் கையால் கொடுத்திருந்தால் அதைச் சொல்லி, கொடுக்கவில்லை என்றால் இப்போது முறையாகக் கொடுத்து வாங்கி, அவரும் நீங்களும் கையெழுத்திட்டுப் பதிவுசெய்த தத்துப் பத்திரம் இருந்தால், தத்து நடந்ததாகவே நீதிமன்றம் முதலில் கொள்ளும். குழந்தைக்கு 15 வயது ஆகாததால் இன்றும் இது முடியும். ஆனால் பழைய குற்றத்தைப் பத்திரம் துடைத்துவிடாது. அவருக்குப் பணமும் கூடாது, தத்துக்காகப் பணம் கைமாறுவதை 1956 சட்டமே தண்டிக்கிறது. பிறகு பிறப்புப் பதிவைத் திருத்தப் போனால், பதிவாளர் பெரும்பாலும் தீர்ப்பு கேட்பார். குழந்தை உங்கள் தத்துக் குழந்தை என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில் போட வேண்டியிருக்கும்.

பத்திரம் எழுதும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: குழந்தை உண்டானபோது பெற்ற தாய்க்கு வயது என்ன? 18-க்குக் கீழ் என்றால் அது போக்சோ, அதாவது சிறார் மீதான பாலியல் குற்றச் சட்டத்தின்படி குற்றம். தெரிந்தும் சொல்லாதவருக்கும் தண்டனை உண்டு. அந்த நிலையில் பத்திரத்தை மறந்துவிட்டு, வழக்கறிஞரோடு நீங்களாகவே மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் போய் நில்லுங்கள். தாய் ஒத்துவராவிட்டாலும் அதே வழிதான். குழந்தையைக் குழு தற்காலிகமாக இல்லத்துக்கு அனுப்பிவிடக்கூடும், அந்த அபாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லி அதிகாரிகள் உங்கள் வீட்டுக்கு வருவதும், நீங்களே போய் நிற்பதும் குழுவின் கண்ணுக்கு ஒன்றல்ல.

பள்ளிக்கு அவசரமில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியர் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் பெயர் நிரப்பும் இடத்தில் மட்டும், வழக்கறிஞரைப் பார்க்கும் வரை எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.