ஜான் ட்ரோலப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜான் ட்ரோலப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். இங்கிலாந்து கால்பந்து அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், கடைசிவரை ஸ்விண்டன் டவுன் என்ற சின்ன கிளப்பிலேயே இருந்தவர். திறமை இருந்திருந்தால் பெரிய கிளப்புக்குப் போயிருப்பார் அல்லவா? 770 என்ற எண்ணைத் தவிர அவரிடம் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த எண்ணை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரே கிளப்புக்கு 770 லீக் ஆட்டங்கள் என்பது நாற்பது வருடங்களுக்கு மேல் இங்கிலாந்து லீக்கில் வேறு யாரும் எட்டாததாக இருந்தது. அவருக்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் போர்ட்ஸ்மத்தின் ஜிம்மி டிக்கின்சன், 764 ஆட்டங்கள். டிக்கின்சன் இங்கிலாந்துக்கு 48 முறை ஆடியவர்.

ஆனால் எனக்கு 770ஐவிட 368தான் பெரிது. 1961 முதல் 1968 வரை ஒரு லீக் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ச்சியாக ஆடியிருக்கிறார். கை முறிந்ததால்தான் அது நின்றது. அவர் லெஃப்ட் பேக், அதாவது இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர். வாராவாரம் எதிரே ஒரு புது வலது விங்கர் (ஓரமாக ஓடித் தாக்குபவர்), குளிர்காலத்தில் கணுக்கால் புதையும் சேறு. அதில் ஏழு வருடம் என்றால் உடம்பு மட்டும் போதாது, ஒவ்வொரு வாரமும் தேர்வாகவும் வேண்டும். மேனேஜர் பெர்ட் ஹெட் போய் டேனி வில்லியம்ஸ் வந்தார், பிறகு டேவ் மெக்கேகூட வந்தார். புதிதாக வரும் மேனேஜர் பழைய ஆட்களைக் கழித்துக்கட்டுவது வழக்கம். ட்ரோலப்பை யாரும் கழிக்கவில்லை. திறமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1969 லீக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் டிவிஷனில் இருந்த ஸ்விண்டன், வெம்ப்ளியில் ஆர்சனலை 3–1 என்று வென்றது. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்ட டான் ரோஜர்ஸின் பெயரைத்தான் எல்லாரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ரோஜர்ஸ் இடது விங்கர். அவர் பந்தோடு மேலேறிப் போனால் பின்னால் மொத்த இடதுபக்கமும் திறந்து கிடக்கும். அந்த இடம் லெஃப்ட் பேக்கின் பொறுப்பு, அதாவது ட்ரோலப்பின் பொறுப்பு. முந்தைய ஆகஸ்டில் கை முறிந்தவர் அன்று 120 நிமிடமும் களத்தில் நின்றார்.

அவர் பிறந்த ராட்டன் கிராமம் ஸ்விண்டனை ஒட்டியே இருக்கிறது. 17 வயதில் அணிக்குள் வந்தார், அங்கேயே இருந்தார். இருந்த இடத்தில் இருந்தார் என்பதற்காக ஒருவரை இரண்டாம் தரம் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அது புரியவே இல்லை.

சரி, அவருக்குத் தோல்வியே இல்லையா? உண்டு. மேனேஜராக அவர் சரிப்படவில்லை. 1982இல் ஸ்விண்டன் அதன் வரலாற்றில் முதல்முறையாக நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது, அவர் பொறுப்பில் இருந்தபோதுதான். அப்புறம் அதே கிளப்பில் இளம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்குத் திரும்பினார். அந்த வருடங்களைப் பற்றி முதல் கட்டுரையில் நான் எழுதவில்லை. தனியாக எழுதுகிறேன்.