தைவானுக்கு முதல்முறை செல்பவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தைவான் எவ்வளவு பெரியது, மக்கள் எங்கே வாழ்கிறார்கள், ஒரு வாரத்தில் முழுத் தீவையும் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுப் பணிக்காக நான்கு ஆண்டுகள் தென்மேற்கிலுள்ள தைனான் நகரில் இருந்தவள் நான். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை, தீவின் முதுகெலும்பாக நிற்கும் மலைத்தொடரில்தான் இருக்கிறது.

வடக்குத் தெற்காக 394 கிலோமீட்டர் நீளமும், மிக அகலமான இடத்தில் 144 கிலோமீட்டரும் உடைய தைவானின் பரப்பு சுமார் 36,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைவிடச் சற்றுச் சிறியது, இலங்கையில் பாதியைவிடச் சற்றுப் பெரியது. இத்தனை சிறிய நிலத்தில் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் இருநூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றுள் உயர்ந்ததான யூஷான் 3,952 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். மலைகள் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கரையோரமாக ஒதுங்கி நிற்பதால், 2 கோடியே 30 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் மேற்குச் சமவெளியில் நெருக்கமாக வாழ்கிறார்கள்.

தைவானைத் தன் பகுதி என்று சீனா உரிமை கோருகிறது. இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில் தைவானுக்குத் தூதரகம் இல்லை. ஆகவே விசா தொடர்பாக நீங்கள் அணுக வேண்டியது, தில்லியிலும் சென்னையிலும் உள்ள தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையத்தை.

மேற்குக் கரையில் பயணம் மிக எளிது. 2007இல் தொடங்கிய அதிவேக ரயில், தைப்பேயிலிருந்து தெற்கே காவ்ஷியுங்கின் ச்சுவோயிங் நிலையத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுசேர்த்துவிடும். ஆனால் பல ஊர்களில் அதிவேக ரயில் நிலையம் வேறு, ஊர் நடுவிலுள்ள பழைய ரயில் நிலையம் வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். தைனான் என்ற பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கி, விடுதிக்கு நடந்தே போய்விடலாம் என்ற நினைப்பில் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்த எனக்கு முன்னால் வெட்டவெளிதான் தெரிந்தது. அங்கிருந்து ஊருக்குள் போக இன்னொரு ரயிலில் அரை மணி நேரம் ஆகிவிடும். தைப்பே மெட்ரோவில் தண்ணீர் குடிப்பதும் குற்றம் என்பது எனக்கு அதற்குப் பிறகு கிடைத்த பாடம். அபராதம் 7,500 தைவான் டாலர் வரை போகலாம்.

கிழக்கு அப்படியல்ல. மேற்கிலுள்ள தைச்சுங்குக்கும் கிழக்கிலுள்ள ஹுவாலியெனுக்கும் இடையே வரைபடத்தில் ஒரு விரலகல இடைவெளிதான். ஆனால் மலையைக் குடைந்து செல்லும் ரயில் பாதை எதுவும் இல்லை. ஒன்று, வடக்கே தைப்பே வழியாகவோ தெற்கே காவ்ஷியுங் வழியாகவோ சுற்றிப் போக வேண்டும். அல்லது 3,275 மீட்டர் உயரத்திலுள்ள வூலிங் கணவாயைக் காரில் ஏறி இறங்க வேண்டும். 2024 ஏப்ரல் 3 நிலநடுக்கத்தில் ஹுவாலியென் அருகிலுள்ள தாரோகோ பள்ளத்தாக்கு பெரும் சேதம் கண்டது. அங்கே போவதாக இருந்தால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழையையும் மலைதான் பங்கிடுகிறது. குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்று தைப்பேயையும் கீலுங்கையும் வாரக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்க, மலை மறைவிலுள்ள தென்மேற்கு காய்ந்து கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல்காலம் என்பதால், அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் எனக்குப் பிடித்தவை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் சொல்லிவிடுகிறேன்: பௌத்த மரபின் காரணமாகச் சைவ உணவகங்கள் ஏராளம். "வோ ச்சி சூ" என்றால் 'நான் சைவம்' என்று பொருள். அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேராது.

ஒரு வாரம்தான் என்றால் முழுத் தீவையும் சுற்ற ஆசைப்படாதீர்கள். தைப்பேக்கு மூன்று நாள், தைனானுக்கு இரண்டு, ஹுவாலியெனுக்கு இரண்டு போதும். தைப்பேயிலிருந்து ஹுவாலியென் செல்லும் ரயிலில் வார இறுதி இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். முன்பதிவு செய்யும்போது இடப்பக்க சன்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குக் கரையிலுள்ள ஃபூலோங் நிலையத்தைத் தாண்டிச் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பக்கம்தான் கடல். வானம் தெளிந்திருந்தால் ஆமை வடிவத் தீவொன்றும் தெரியும்.