குளிசை இலவசம், பஸ் காசுக்கு என்ன வழி?

மார்பு நோய் சிகிச்சை நிலையமொன்றில் பல வருஷம் குளிசை கொடுத்தவள் நான். காசநோய்க் குடும்பங்களுக்கான உதவி பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

வாழைச்சேனை: கணவர் கடலுக்குப் போறவர். குளிசை தொடங்கிப் பத்து நாள். வருமானமே இல்லை. யாரைக் கேட்பது?

தங்கச்சி, சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் அரசாங்கத்தில் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. சிகிச்சை நிலையத்தில் நோயை உறுதிப்படுத்திக் கடிதம் வாங்குங்கள். அதோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் கிராம சேவகரைப் பார்த்துவிட்டு, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள். காசநோயாளருக்கென்றே மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் உதவிப் பணம் இருக்கிறது. பெரிய தொகையாக இராது. ஆனாலும் இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள், கோப்பு நகர நாளெடுக்கும். சாப்பாட்டுக்கு மாப் பால் டின் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். முட்டை, பயறு, சூடை மீன், முருங்கையிலை போதும்.

திருக்கோவில்: எங்கள் கழகம் மார்ச் 24, உலக காசநோய் தினத்தில் நோயாளிகளை மேடைக்கு அழைத்து உலர் உணவுப் பொதி கொடுக்க நினைக்கிறது. சரிதானே?

தம்பி, பொதி கொடுங்கள், மேடை வேண்டாம். படம் வெளியானால் அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சு வரை போய் நிற்கும். அப்புறம் அவர்கள் சிகிச்சை நிலையத்துப் பக்கமே வரமாட்டார்கள்.

ஒன்று சொல்கிறேன். படுவான்கரையிலிருந்து வந்த ஒரு ஐயா மூன்றாம் மாதம் திடீரென்று நின்றுவிட்டார். தேடிப் போனோம். திண்ணை வளையில் பாதி தீர்ந்த குளிசை அட்டை செருகியிருந்தது. அவர் வேளாண்மை வெட்டுக்குப் போயிருந்தார். வாவி கடக்கும் பாதைப் படகு ஏறி, பஸ் பிடித்து வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடும், அதுதான் காரணம். ஊர் ஆஸ்பத்திரியிலேயே குளிசை கொடுக்க ஒழுங்கு செய்த பிறகு ஒரு நாளும் தவறவில்லை. சிகிச்சை முடிய 6 மாதம்: முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. உங்கள் காசை அந்த 6 மாதத்துக்கும் பிரியுங்கள். பஸ் காசு, ஓட்டோக் காசு, கிளினிக் நாளில் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு. பெயர் விபரம் கேட்காமல் சிகிச்சை நிலையத்து ஊழியர் மூலம் கொடுங்கள்.

காத்தான்குடி: வாப்பாவுக்குக் கோப்பையைத் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். இது இருமும்போது காற்றில் பரவுவது. ஜன்னலைத் திறந்து விடுங்கள், இருமும்போது வாயைப் பொத்தச் சொல்லுங்கள். ஒழுங்காகக் குளிசை போட்டால் சில கிழமைகளில் பரவும் தன்மை நன்றாகக் குறைந்துவிடும். தனிக் கோப்பை அவர் மனதைத்தான் உடைக்கும்.

செங்கலடி: சலம் செம்மஞ்சளாகப் போகிறது. மகன் பயந்து, சுகமாகிவிட்டது என்று நிறுத்தப் பார்க்கிறான்.

அக்கா, அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், பயமில்லை. கண் மஞ்சளானால், சத்தி நிற்காவிட்டால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம், அதற்கு வைத்தியம் இன்னும் நீளம்.

கல்முனை: அம்மப்பாவுக்குக் காசநோய். மூன்று வயது மகனுக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது, போதாதா?

போதாது. சோதித்துப் பார்த்து, நோய் இல்லையென்றால் தடுப்புக் குளிசை கொடுப்பார்கள். அம்மப்பாவின் அடுத்த திகதிக்குப் பேரனையும் தூக்கிக்கொண்டு போங்கள்.