நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவருக்கு அதன் மதிப்பு தெரியாதா?

கேள்வி: திருவல்லிக்கேணி நடைபாதையில், 1940களில் அச்சான ஒரு தமிழ் நூலை 60 ரூபாய்க்கு வாங்கினேன். அதே நூலுக்கு இணையத்தில் 2,500 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். விற்றவருக்கு அதன் மதிப்பு தெரியவில்லை. நான் அவரை ஏமாற்றிவிட்டேனா?

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் மனம் உறுத்தியதால்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த உறுத்தல் நல்ல உறுத்தல். ஆனால் 'விற்றவருக்கு மதிப்பு தெரியவில்லை' என்ற வாக்கியத்தைப் படித்தபின் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரதி சாலையில், அடைத்திருக்கும் கடைகளின் வாசலிலும், மற்ற நாட்களில் அதே வட்டாரத்தில் ஒரு மதிற்சுவர் ஓரத்திலும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய புத்தகம் விற்று வருகிறேன். உங்களுக்கு அந்த நூலை விற்றவன் நானாகவே இருக்கவும் கூடும்.

இந்தத் தொழிலை என் தந்தையிடம் கற்றேன். அவருக்குச் சென்னை சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட்டில் கடை இருந்தது. 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் கட்டடம் 1985-இல் தீக்கிரையானபோது எரிந்துபோன கடைகளில் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்குத் தெரிந்தவர்களில் சிலர் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். எங்களைப் போன்ற சிலர் தெருவுக்கு வந்தோம். இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் இருக்கிறது. என் தந்தைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் பென்குயின் என்ற ஆங்கிலப் பதிப்பகத்தின் அட்டையில் ஆரஞ்சு நிறம் என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, அவர்களுடைய நீல நிறத்துப் பெலிகன் வரிசை என்றால் கல்லூரி ஆசிரியர் தேடி வருவார் என்று அவருக்குத் தெரியும். ஒரு மூட்டையை அவிழ்த்ததும் எந்தப் புத்தகத்தை மேலே வைப்பது, எதை ஒளித்து வைப்பது, எதைத் திரும்ப எடைக்கே போடுவது என்று அவர் பிரித்து முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை எங்கள் கணக்கு இன்னும் நுட்பமானது. அச்சான ஆண்டு போட்டிருக்கும் உரிமைப் பக்கம் கிழிந்துபோன நூல்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறது. விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்வோம், அந்த ஆண்டில்தான் நயா பைசா வந்தது. 'லை', 'னை' ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல் வளைந்த பழைய கொம்பு இருந்தால், 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முகப்பில் 'விக்ருதி வருடம்' என்று மட்டும் போட்டிருந்தால் அது 1890-ஆகவும் இருக்கலாம், 1950-ஆகவும் இருக்கலாம். அப்போது காகிதத்தைத் தடவிப் பார்ப்போம். கந்தைத் துணியில் செய்த பழங்காலத் தாள் நூறு ஆண்டு கடந்தும் மடங்கும், மலிவான மரக்கூழ்த் தாள் ஐம்பது ஆண்டில் பழுப்பேறி ஓரம் ஒடியும். இவையெல்லாம் எல்லா நடைபாதை வியாபாரிக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக் கையேடுகளை மட்டும் விற்பவருக்கு இது தேவையும் இல்லை. ஆனால் 1940களின் தமிழ் நூலைத் தன் விரிப்பில் வைத்திருந்தவருக்கு அது பழையது என்பது நிச்சயம் தெரிந்திருக்கும்.

தெரிந்தும் ஏன் 60 ரூபாய் என்று கேட்பீர்கள். இணையத்தில் 2,500 ரூபாய் என்று போட்டிருப்பவர் இன்னும் விற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்; விற்றிருந்தால் அது அங்கே இருக்காது. அவரால் ஐந்து ஆண்டு காத்திருக்க முடியும், ஏனெனில் அவருடைய நூல் அலமாரியில் இருக்கிறது. என்னுடையது வெயிலில் இருக்கிறது. வெயில் பட்ட அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். இரவில் தார்ப்பாய் போட்டுக் கட்டினால் புழுக்கத்தில் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வரும், அந்துருண்டை போட்டால் வாசனை பிடிக்காமல் வாடிக்கையாளர் கீழே வைத்துவிடுவார். ஒரு நல்ல நூல் என் விரிப்பில் ஆறு மாதம் கிடந்தால் அது பாதி நூலாகிவிடும். ஆகவே நான் விலை சொல்லும்போது நூலின் மதிப்பை மட்டும் எண்ணுவதில்லை. இது இன்னும் எத்தனை நாள் தாங்கும், இதைக் கேட்கக்கூடியவர் அதற்குள் இந்தத் தெருவழியே வருவாரா என்பதையும் எண்ணுகிறேன். நீங்கள் அந்த நூலை ஆசையோடு கையில் எடுத்துப் புரட்டியிருப்பீர்கள். அதை அவர் பார்த்திருப்பார். இதோ, இதற்கு உரியவர் வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். 60 ரூபாய் என்று அவர் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மதிப்பு என்பது எங்கள் கண் முன்னாலேயே மாறும் பொருள் என்பதற்கு நான் பட்ட இழப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2011-இல் சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளுக்கும் வந்தபோது, என்னிடம் இருந்த மெட்ரிக் பாடநூல்கள் அனைத்தும் ஒரே பருவத்தில் காகிதமாகிவிட்டன. அடுத்ததாக 2018-இலும் 2019-இலும் பாடத்திட்டம் மாறியபோது, முன்பு பட்ட சூட்டை நினைத்துப் பழைய சமச்சீர்ப் புத்தகங்களை முந்திக்கொண்டு எடைக்குப் போட்டேன். சில மாதங்களில் மேன்சன்களில் தங்கி அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வரிசையாக வந்து, 'அண்ணே, பழைய சமச்சீர் ஆறு முதல் பத்து வரை இருக்கிறதா?' என்று கேட்கத் தொடங்கினார்கள். வினாக்களுக்கு அந்தப் பழைய நூல்களும் உதவுகின்றன என்றார்கள். நான் கிலோக் கணக்கில் கொடுத்ததை அவர்கள் ஒவ்வொன்றுக்கும் நூறு ரூபாய் கொடுத்து வாங்கத் தயாராக இருந்தார்கள். மதிப்பு தெரியாமல் விற்றேன் என்று யாராவது என்னைச் சொல்ல வேண்டுமானால் இதற்காகச் சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு நேர் எதிரான ஓர் அனுபவம். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மாதம் ஒரு முறை என்னிடம் வருவார். அந்தக் காலத்தில் வார இதழ்களில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது. அவர் வீட்டிலும் அப்படி ஒரு பைண்டு இருந்தது, ஆனால் நடுவில் மூன்று வாரங்கள் இல்லை. யாரோ இரவல் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை. அந்த மூன்று இதழ்களின் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். அதைக் காசுப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் வீடு வீடாகவும் பழைய பேப்பர் கடைகளிலும் வார இதழ்க் கட்டு எங்கே பார்த்தாலும் அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மயிலாப்பூரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த கட்டில் மூன்று இதழ்களும் கிழியாமல் இருந்தன. அவர் வந்ததும் எடுத்துக் கொடுத்து 300 ரூபாய் கேட்டேன். அவர் மறுபேச்சின்றிக் கொடுத்தார்.

அருகில் நின்று புரட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கொதித்துவிட்டார். 'பழைய பேப்பருக்கு நூறு ரூபாயா? வயதானவர் என்பதால் இப்படியா?' என்று உரக்கக் கேட்டார். ஆசிரியர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. என் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மூன்று அத்தியாயங்களையும் அங்கேயே படித்து முடித்த பின்புதான் எழுந்தார். அதே கட்டில் இருந்த மற்ற இதழ்களை நான் 20 ரூபாய்க்கு விற்றேன். அதற்கும் சிலர் பேரம் பேசினார்கள். அந்த இளைஞரின் வார்த்தை இன்றும் எனக்கு வலிக்கிறது. குறைத்துச் சொன்னால் ஒன்றும் தெரியாதவன் என்கிறார்கள், கூட்டிச் சொன்னால் கொள்ளைக்காரன் என்கிறார்கள். நான்கு ஆண்டுகள் அந்தத் துண்டுத் தாளைப் பாதுகாத்ததற்கு நான் கூலி வாங்கியதில் எந்தத் தவறும் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

சோவியத் நூல்களிலும் இதே வழக்குத்தான். மாஸ்கோவின் மீர் பதிப்பகத்து இயற்பியல், கணித நூல்களில் மிகக் குறைந்த விலை அச்சிட்டிருக்கும். சோவியத் ஒன்றியம் 1991-இல் முடிந்த பிறகு அந்த மலிவு நூல்களின் வரத்தும் நின்றுபோனது. அந்தப் பழைய பிரதிகளைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் தேடி வருகிறார்கள். நான் 200 ரூபாய் சொன்னால், அட்டையின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டி, இதில் நான்கு ரூபாய்தானே போட்டிருக்கிறது என்கிறார்கள். அச்சிட்ட விலையில் பாதிதான் பழைய புத்தகத்தின் விலை என்பது பாடநூலுக்கும் கைடுக்கும் பொருந்தும் கணக்கு. கிடைக்காத நூலுக்கு அது பொருந்தாது. நடைபாதையில் கள்ள அச்சும் விற்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். விற்கிறார்கள், நானும் இரண்டு ஆண்டுகள் விற்றேன். பக்கம் மாறி, எழுத்து மங்கி வந்த ஒரு பிரதியை ஒரு மாணவி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது விட்டுவிட்டேன். பழைய புத்தகத்தோடு அதைச் சேர்த்துப் பேசாதீர்கள். பழைய புத்தகம் ஒருமுறை முறையாக விலை கொடுத்து வாங்கப்பட்டது.

மதிப்பு தெரியாதவர்கள் யார் என்று கேட்டால் நான் வேறு ஒரு நாளைச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், நடைபாதையைச் சீர்செய்ய வந்தவர்கள் என் புத்தகங்களை அள்ளி வண்டியில் போட்டுச் சென்றார்கள். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அப்படி எடுக்கும் பொருட்களுக்குப் பட்டியல் போட்டு ஒரு பிரதியை எங்களிடம் தர வேண்டும் என்கிறது. அழுகும் பொருளாக இருந்தால் கேட்ட அன்றே, அழுகாத பொருளாக இருந்தால் கேட்டதிலிருந்து இரண்டு வேலை நாளில் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எனக்குப் பட்டியலும் தரவில்லை, இரண்டு நாளிலும் தரவில்லை. ஒன்பதாவது நாள் சென்றபோது, திறந்த வெளியில் மழை முழுவதும் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஊதிப்போன கட்டுகளைக் கொடுத்தார்கள். மீனும் பூவும் அழுகும் பொருள், புத்தகம் அழுகாத பொருள் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். ஐப்பசி மழையில் நனைந்த தாள் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். மீனுக்கும் அதற்கும் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வித்தியாசம். அன்று போனவற்றில் உங்களிடம் இருப்பதைப் போன்ற அணாக் காலத்து நூல்கள் பதினேழு இருந்தன. அன்று முதல் அப்படிப்பட்ட நூல் வந்தால் நல்ல விலைக்காகக் காத்திருக்க எனக்கு மனம் வருவதில்லை. மழைக்கு முன் யாரிடமாவது போய்ச் சேரட்டும் என்றுதான் 50-க்கும் 60-க்கும் கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்றே அந்த நூலை எடுத்துப் பாரங்களை எண்ணிப் பாருங்கள். பழைய நூல்களில் எட்டு அல்லது பதினாறு பக்கங்களை ஒரு பாரமாக அடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் சிறிய எண்ணோ எழுத்தோ இருக்கும். தையல் விட்டுப்போனால் முதல் பாரமும் கடைசிப் பாரமும்தான் முதலில் உதிரும். 60 ரூபாய்க்கு வந்ததில் கடைசிப் பாரம் இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு; விற்றவர் அதையும் கணக்கில் வைத்தே விலை சொல்லியிருக்கலாம். இல்லையென்று தெரிந்தால், எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை இல்லை என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரிடமே கொடுத்து வையுங்கள். அட்டையில்லாத உதிரிப் பாரங்கள் மூட்டைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.